300 பிளான் போட்டும் மாடியில் 94-க்கு மேல் ஏறவில்லை: கேபிளா, ரூட்டரா, கம்பெனியா?

#1 மாடிவீடு_மாறன்

வணக்கம் நண்பர்களே. வீட்டு ஃபைபர் இணைப்பை 100 எம்பிபிஎஸ் பிளானிலிருந்து போன மாதம் 300-க்கு ஏற்றினேன். ரூட்டர் கீழே ஹாலில் இருக்கிறது. அதன் பக்கத்தில் நின்று போனில் ஸ்பீட் டெஸ்ட் போட்டால் 280, 290 என்று வருகிறது. மாடி அறையில் மேசைக் கணினி. அதற்கு வைஃபை சரிப்படாது என்று, வீடு கட்டும்போதே சுவருக்குள் பைப் விட்டு லான் கேபிள் இழுத்து வைத்தோம். அந்தக் கணினியில் மட்டும் 94. காலையிலும் 94, ராத்திரி பத்து மணிக்கும் 94. ஞாயிற்றுக்கிழமை ஊரே படம் பார்க்கிற நேரத்திலும் அதே 94.

கம்பெனிக்குப் போன் செய்தால் "ரூட்டரை ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள்" என்பதைத் தாண்டி வரமாட்டேன் என்கிறார்கள். டெக்னீஷியன் வந்தார், தன் போனில் 290 காட்டினார், "எங்க சைடு ஓகே சார்" என்று கிளம்பிவிட்டார். கேபிள் மேல் கேட் 6 என்று அச்சடித்திருக்கிறது. கணினி போன வருடம் வாங்கியது. குறை எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

#2 செம்புக்கம்பி

டெக்னீஷியன் மேல் கோபப்படாதீர்கள், அவர் சொன்னது சரிதான். போனில் 290 வந்துவிட்டதென்றால் தெருக் கம்பத்திலிருந்து ரூட்டர் வரைக்கும் பழுது இல்லை. மிச்சம் இருப்பது ரூட்டரின் லான் போர்ட்டிலிருந்து உங்கள் கணினி வரை உள்ள தூரம்.

அந்த 94-ஐப் பாருங்கள். நெரிசல் என்றால் எண் ஆடும்: காலையில் 250, ராத்திரி 120 என்று. வைஃபை கோளாறு என்றால் இன்னும் மோசமாக ஆடும். எந்நேரமும் ஒரே எண்ணில் நிற்கிறதென்றால், நடுவில் ஏதோ ஒரு இணைப்பு 100 எம்பிபிஎஸ் வேகத்தில்தான் பேசிக்கொண்டிருக்கிறது. விண்டோஸில் செட்டிங்ஸ், நெட்வொர்க், ஈதர்நெட் என்று உள்ளே இறங்கினால் லிங்க் ஸ்பீட் என்று ஒரு வரி இருக்கும். அதில் 1000/1000 இருக்கிறதா, 100/100 இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். 100 என்றுதான் இருக்கும், பந்தயம்.

#3 அரியர்_அழகு

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும் அண்ணா. லிங்க் 100 என்றால் டெஸ்ட்டிலும் 100 தானே வர வேண்டும்? மிச்சம் 6 எங்கே போகிறது? அடுத்த மாதம் டேட்டா கம்யூனிகேஷன் பேப்பர் எழுதணும் (முதல் தடவை இல்லை, பெயரைப் பார்த்தாலே தெரிந்திருக்கும்). புத்தகத்தில் ஓவர்ஹெட் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள்.

#4 கணக்குப்புள்ளி

ஆறு எங்கேயும் தொலையவில்லை தம்பி, உட்கார்ந்து எண்ணிவிடலாம்.

ஈதர்நெட்டில் தகவல் ஃபிரேம் ஃபிரேமாகப் போகிறது. ஒரு ஃபிரேமுக்குள் அதிகபட்சம் 1500 பைட் சரக்கு. அந்த 1500-க்குள்ளேயே ஐபி ஹெடருக்கு (ஹெடர் என்றால் சரக்கின் முன்னால் ஒட்டும் விவரச் சீட்டு) 20 பைட், டிசிபி ஹெடருக்கு 20 பைட் போய்விடும். ஸ்பீட் டெஸ்ட் கணக்கில் சேர்ப்பது மீதி 1460-ஐ மட்டும்.

இனி 1500-க்கு வெளியே என்ன இருக்கிறது என்று பார். போய்ச் சேர வேண்டிய முகவரி 6 பைட், அனுப்பியவரின் முகவரி 6, உள்ளே இருப்பது என்ன வகை என்று சொல்ல 2, வழியில் கெட்டுப்போனதா என்று சரிபார்க்க வாலில் 4. மொத்தம் 18. இதற்கு முன்னால், ஃபிரேம் வருகிறது, கடிகாரத்தை ஒத்துவைத்துக்கொள் என்று எதிர்முனைக்கு உணர்த்த 8 பைட். ஒரு ஃபிரேம் முடிந்து அடுத்தது கிளம்பும் முன் 12 பைட் நேரத்துக்குக் கம்பி சும்மா இருக்க வேண்டும், அது விதி. ஆக 1500 + 18 + 8 + 12 = 1538.

1460-ஐ 1538-ஆல் வகுத்தால் 0.949. 100 எம்பிபிஎஸ் கம்பியில் 94.9. சில கணினிகள் டிசிபி ஹெடரில் டைம்ஸ்டாம்ப் என்று இன்னும் 12 பைட் சேர்க்கும். அப்போது 1448-ஐ வகுக்க வேண்டும், 94.1 வரும். மாறன் சாருக்கு வரும் 94 இதுதான். கிகாபிட் கம்பியிலும் விகிதம் மாறாது, 940-ஐ ஒட்டித்தான் நிற்கும்.

இன்னொன்றும் கவனி. ஃபிரேம் நிறையச் சரக்கு இருந்தால்தான் இந்த 94.9. லான் வழியாகப் பேசும் ஆபீஸ் ஐபி போனை எடுத்துக்கொள். குரலை எண்ணாக மாற்றும் பழைய ஜி.711 முறையில் 20 மில்லி செகண்டுக்கு ஒருமுறை 160 பைட் குரலை அனுப்பும். அதன் மேல் ஆர்டிபி ஹெடர் 12, யுடிபி ஹெடர் 8, ஐபி ஹெடர் 20, அப்புறம் ஈதர்நெட்டின் 38. மொத்தம் 238. கம்பியில் போவதில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஹெடரும் இடைவெளியும்தான். குரலைப் பெரிய பெரிய மூட்டையாகக் கட்டி அனுப்பலாமே என்றால், மூட்டை நிரம்பும்வரை காத்திருக்கும் நேரம் பேச்சில் தாமதமாகத் தெரியும். பரீட்சையில் ஓவர்ஹெட் என்று கேட்டால் இந்த இரண்டு கணக்கையும் எழுது.

பிட்டையும் பைட்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. 94.9 மெகாபிட்டை எட்டால் வகுத்தால் டவுன்லோடு ஜன்னலில் நொடிக்கு 11 எம்பி சொச்சம்.

#5 மாடிவீடு_மாறன்

100/100 தான் சார். பந்தயம் உங்களுக்கு. ஆனால் கேட் 6 கேபிளில் ஆயிரம் வர வேண்டாமா? கடைக்காரர் பத்தாயிரம் வரைக்கும் தாங்கும் என்றாரே.

#6 செம்புக்கம்பி

கேபிள் மேல் என்ன அச்சடித்திருந்தாலும், உள்ளே இருக்கும் எட்டுக் கம்பியும் இரண்டு முனையிலும் ஒழுங்காக உட்கார்ந்தால்தான் வேகம் வரும். எட்டுக் கம்பி, நான்கு ஜோடி: ஆரஞ்சு, பச்சை, நீலம், பிரவுன். ஒவ்வொன்றுக்கும் வெள்ளையில் அதே நிறக் கோடு போட்ட துணை. 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட்டுக்கு இரண்டே ஜோடி போதும், அனுப்ப ஒன்று, வாங்க ஒன்று. பிளக்கில் உள்ள எட்டுப் பின்களில் (pin) 1, 2-ஆம் பின்களில் ஒரு ஜோடி, 3, 6-ஆம் பின்களில் ஒரு ஜோடி. பெரும்பாலும் போடுகிற பி என்ற நிற வரிசையில் அவை ஆரஞ்சும் பச்சையும். கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். நீலத்திலோ பிரவுனிலோ ஒரே ஒரு கம்பி விட்டுப்போனாலும் பெரும்பாலான கருவிகளில் இணைப்பு சாகாது, சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிக்கொள்ளும். நெட் வருகிறது, எல்லாம் ஓடுகிறது. 100 பிளான் இருந்தவரை உங்களுக்குத் தெரிய வழியே இல்லை.

முதலில் சுவரைத் தள்ளிவையுங்கள். ஒரு லேப்டாப்பையும் ஒரு மீட்டர் ரெடிமேட் கேபிளையும் எடுத்துக்கொண்டு நேராக ரூட்டரில் சொருகுங்கள். 1000 காட்டினால் ரூட்டர் சுத்தம், குற்றவாளி சுவருக்குள். 100 காட்டினால் ரூட்டரின் அந்தப் போர்ட்டே 100 தான். விலை குறைந்த மாடல்களில் நாலு போர்ட்டில் ஒன்று மட்டும் கிகாபிட்டாக இருக்கும்.

சுவர்தான் என்று ஆகிவிட்டால் மாடியிலும் கீழேயும் ஃபேஸ் பிளேட்டைக் கழற்றிப் பாருங்கள். எட்டுக் கம்பியும் ஜாக்கில் இருக்கிறதா என்பது முதல் கேள்வி. அடுத்தது, எவ்வளவு நீளத்துக்கு முறுக்கைப் பிரித்திருக்கிறார்கள் என்பது. 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கக் கூடாது. நம் ஆட்கள் விரல் நீளத்துக்குப் பிரித்துவிட்டு உள்ளே திணிப்பார்கள். அந்த முறுக்கு அழகுக்கு இல்லை. ஜோடியின் ஒரு கம்பியில் சிக்னல் நேராகவும் மற்றதில் தலைகீழாகவும் போகிறது. வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டின் மேலும் ஒரே அளவில் ஏறும். எதிர்முனை இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுப்பதால் இரைச்சல் கழிந்துபோகும். இரண்டு கம்பியும் ஒட்டிப் பிணைந்து ஓடினால்தான் இது நடக்கும்.

இதே காரணத்தால்தான் 1-2, 3-4, 5-6, 7-8 என்று பார்க்க ஒழுங்காக ஜோடி போட்டு கிரிம்ப் செய்த (பிளக்கில் அழுத்திப் பொருத்திய) கேபிள் சொதப்பும். 3-ஆம் பின்னுக்குத் துணை 6-ஆம் பின், 4 கிடையாது. பல்பு வரிசையாக எரியும் டெஸ்டரில் போட்டால் எட்டும் எரியும், பாஸ் என்று கொடுத்துவிட்டுப் போவார்கள். ஆனால் அனுப்பும் சிக்னலின் கம்பி ஒரு முறுக்கிலும் அதன் துணை இன்னொரு முறுக்கிலும் ஓடிக்கொண்டிருக்கும். அந்த டெஸ்டர் கம்பி அறுந்திருக்கிறதா என்று மட்டும்தான் சொல்லும், அதை நம்பி பில் கொடுக்காதீர்கள்.

#7 மாடிவீடு_மாறன்

தங்கை மகனின் லேப்டாப்பை வாங்கி ரூட்டரில் நேராகப் போட்டேன், 1000/1000. டெஸ்ட்டில் 296.

பிறகு மாடி பிளேட்டைக் கழற்றினேன். என் கணினிக்குப் போகிற ஜாக்கின் பின்னால் நான்கே கம்பி: ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி. நீலமும் பிரவுனும் அங்கிருந்து அப்படியே பக்கத்து ஜாக்குக்குப் போகின்றன, அது மொட்டை மாடி கேமராவுக்கு வைத்த பாயிண்ட். அங்கே நீலத்தை 1, 2-இலும் பிரவுனை 3, 6-இலும் அடித்திருக்கிறார்கள். கீழே ஹால் பிளேட்டிலும் இதே பிரிவினை. இரண்டு பாயிண்டுக்குக் காசு வாங்கிக்கொண்டு சுவருக்குள் ஒரே கேபிள்தான் இழுத்திருக்கிறார் எலக்ட்ரீஷியன்!

#8 செம்புக்கம்பி

நினைத்தேன். இது பழைய வித்தை சார். 10, 100 காலத்தில் இரண்டு ஜோடி சும்மாத்தானே கிடக்கிறது என்று ஆபீஸ்களிலேயே ஒரு கேபிளில் இரண்டு மேசைக்கு இணைப்பு கொடுப்பார்கள். அன்றைக்கு அது சிக்கனம். 2010-க்குப் பிறகு கட்டிய வீட்டில் செய்தது கொஞ்சம் அநியாயம். இரண்டு பாயிண்ட் காசைத் திருப்பிக் கேளுங்கள்.

சுவரை இடிக்க வேண்டாம். இரண்டு முனையிலும் கேமரா ஜாக்கைக் கழற்றிவிட்டு எட்டுக் கம்பியையும் ஒரே ஜாக்கில் பி வரிசைப்படி அடியுங்கள்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். ஜாக்கின் பக்கவாட்டிலேயே நிறம் போட்டிருக்கும், அதைப் பார்த்து அடித்தால் போதும். கேமராவுக்கு மாடியில் ஒரு சின்ன ஸ்விட்ச் வைத்து அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

#9 பாக்கெட்_பாண்டியன்

செம்புக்கம்பி அண்ணன் சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன். 100-க்கு இறங்கியது மாறன் சாரின் அதிர்ஷ்டம். இரண்டு முனைகளும் எந்த வேகத்தில் பேசுவது என்று பேரம் பேசுவதே ஆரஞ்சு, பச்சை ஜோடிகள் வழியாகத்தான். இருவரும் கிகாபிட் என்றால் "சரி, ஆயிரத்தில் பேசலாம்" என்று முடிவாகிவிடும். அப்புறம்தான் நான்கு ஜோடியையும் எடுக்கப் பார்த்து, இரண்டைக் காணாமல் விழுவார்கள். தோற்றுப்போனால் கீழே இறங்கி முயற்சி செய் என்ற புத்தி சிப்பில் இருந்தால் 100 கிடைக்கும். இல்லாவிட்டால் விளக்கு எரியும், அணையும், திரும்ப எரியும், இணைப்பே வராது. பழைய கணினியில் நன்றாக ஓடிய கேபிள் புதுக் கணினியில் செத்துக் கிடப்பதற்கு இது ஒரு காரணம். கணினியில் வேகத்தை 100 என்று கையால் பூட்டினால் உயிர் வந்துவிடும்.

#10 அரியர்_அழகு

100-க்கு ஒரு திசைக்கு ஒரு ஜோடி. 1000-க்கு நாலு ஜோடி. அப்படியென்றால் ஜோடிக்கு 250. அதே செம்பு எப்படி இரண்டரை மடங்கு கொண்டுபோகிறது? கம்பியில் சிக்னல் மாறும் வேகத்தைக் கூட்டிவிட்டார்களா?

#11 கணக்குப்புள்ளி

இந்த இழையில் இதுவரை வந்ததிலேயே நல்ல கேள்வி இதுதான். வேகத்தைக் கூட்டவே இல்லை! இரண்டிலும் கம்பியில் நொடிக்கு 12.5 கோடி குறிகள்தான் போகின்றன.

100-இல் நடப்பது இது. நான்கு பிட்டை ஐந்து பிட்டாக மாற்றி அனுப்புகிறார்கள். நீளமாகப் பூஜ்யமே வந்துகொண்டிருந்தால் கம்பியில் அசைவே இருக்காது, எதிர்முனையின் கடிகாரம் வழுக்கிவிடும். அதைத் தவிர்க்கத்தான் இந்த ஐந்தாவது பிட். 100 மெகாபிட் இதனால் 125 ஆகிறது. அதை மூன்று மின்னழுத்த நிலைகளில் ஏற்றி இறக்கி அனுப்புகிறார்கள்.

1000-இல் அதே 12.5 கோடி குறிகள், ஆனால் ஐந்து நிலைகள். ஒரு குறிக்கு இரண்டு பிட் கிடைக்கிறது. ஜோடிக்கு 250, நாலு ஜோடிக்கு 1000. இதைவிடப் பெரிய தந்திரம், ஒவ்வொரு ஜோடியிலும் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். தான் அனுப்பியது என்ன என்று ஒவ்வொரு முனைக்கும் தெரியும் அல்லவா, கம்பியில் கேட்பதிலிருந்து தன் குரலைக் கழித்துவிட்டால் மிச்சம் எதிராளி பேசியது. இந்தக் கழித்தலை நொடிக்கு 12.5 கோடி தடவை செய்ய சிப் மலிவாகக் கிடைத்த பிறகுதான், 1999-இல், செம்பில் கிகாபிட் தரநிலை வந்தது. ஐந்து நிலைகளுக்கு இடையே உள்ள இடைவெளி குறுகல், இரைச்சல் கொஞ்சம் கூடினாலும் நிலை மாறித் தெரியும். 100-இல் சமாளித்த மோசமான கிரிம்ப்பிங் 1000-இல் பல்லிளிப்பது அதனால்தான்.

#12 அரியர்_அழகு

நன்றி சார். எங்கள் மேடம் இதெல்லாம் பிசிக்கல் லேயர், பரீட்சைக்கு நெட்வொர்க் வேலையை அடுக்கடுக்காகப் பிரிக்கும் ஓஎஸ்ஐ மாதிரியின் ஏழு லேயரின் பெயரும் வேலையும் எழுதினால் போதும் என்கிறார். உண்மையான வேலையில் அந்த ஏழையும் யாராவது பயன்படுத்துகிறார்களா?

#13 பாக்கெட்_பாண்டியன்

நான் ஒரு இணைய நிறுவனத்தின் கண்காணிப்பு அறையில் ஷிஃப்ட் பார்க்கிறவன். ஐந்தாவது, ஆறாவது லேயர் என்று யாரும் பேசி நான் கேட்டதில்லை. ஓஎஸ்ஐ மாதிரியை ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தரநிலை அமைப்பு 1984-இல் தரநிலையாக வெளியிட்டது. அதற்கு முன்பே, 1983 ஜனவரி 1 அன்று, இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் மொத்தமும், இன்றைய இணையம் பேசும் டிசிபி/ஐபிக்கு மாறிவிட்டது. மாதிரி வருவதற்குள் ஆட்டம் தொடங்கிவிட்டது. அதனால் ஏழு பெட்டிக்குள் டிசிபி/ஐபியைத் திணித்து அடைக்கப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

ஆனால் "இது லேயர் 1 பிரச்சினை", "லேயர் 2-இல் லூப்", "லேயர் 3 ரூட்டிங்" என்று நாள் முழுக்கப் பேசுகிறோம். புகார் வந்தால் கீழேயிருந்து மேலே போவோம். லிங்க் விளக்கு எரிகிறதா, எந்த வேகத்தில்? மேக் முகவரி (கருவியின் நெட்வொர்க் அடையாள எண்) தெரிகிறதா? ஐபி கிடைத்ததா? கேட்வே, அதாவது வீட்டு ரூட்டர், "இருக்கிறாயா" என்று கேட்கும் பிங்குக்குப் பதில் சொல்கிறதா? வெளியே 8.8.8.8 (கூகுளின் பொது சர்வர்) பதில் சொல்கிறதா? அது சொல்லியும் தளம் திறக்கவில்லை என்றால், தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸைப் பார். மாறன் சாரின் கதையில் கஸ்டமர் கேர்காரர்கள் மேலேயே நின்றுகொண்டிருந்தார்கள், குறை அடியில் இருந்தது. பரீட்சைக்கு ஏழையும் மனப்பாடம் செய். வேலைக்கு இந்த வரிசை போதும்.

#14 மாடிவீடு_மாறன்

எட்டுக் கம்பியையும் அடித்தாயிற்று. லிங்க் 1000, டெஸ்ட்டில் 295. செம்புக்கம்பி சாருக்குக் கோடி நன்றி. காசைக் கேட்டதற்கு எலக்ட்ரீஷியன் "அப்ப நெட் வந்துச்சுல்ல" என்கிறார், அது தனிக்கதை.

இப்போது கேமராவுக்கு வழி செய்யணும். பரணில் பழைய வைஃபை ரூட்டர் ஒன்று கிடக்கிறது, அதில் நாலு போர்ட். அதையே மாடியில் ஸ்விட்ச்சாக வைக்கலாமா, புதிதாக வாங்கணுமா?

#15 லேப்_மேடம்

வைக்கலாம், ஆனால் முதலில் அதன் போர்ட் என்ன வேகம் என்று பாருங்கள். பழைய ரூட்டர்களில் முக்கால்வாசி 10/100 தான். அதைக் குறுக்கே வைத்தால் கணினிக்குத் திரும்பவும் 94. புதிதாக வாங்கினாலும் பெட்டியில் 10/100/1000 என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பழையதையே வைப்பதானால் கீழிருந்து வரும் கேபிளை வான் (WAN) என்ற, இணையம் உள்ளே வரும் போர்ட்டில் சொருகாதீர்கள், லான் போர்ட் ஒன்றில் சொருகுங்கள். அதன் செட்டிங்ஸுக்குள் போய், கருவிகளுக்கு ஐபி முகவரி கொடுக்கும் டிஎச்சிபியை அணையுங்கள், அந்த ரூட்டரின் ஐபியையும் மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் வீட்டில் இரண்டு பேர் முகவரி கொடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். கணினிக்கு ஒரு நாள் நெட் வரும், மறுநாள் வராது.

இன்னொரு எச்சரிக்கை. நான் கல்லூரி லேப்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு நாள் கட்டடம் முழுக்க நெட் நின்றுவிட்டது. ரேக் அறைக்குள் போனால் எல்லா ஸ்விட்ச்சிலும் எல்லா விளக்கும் ஒரே தாளத்தில் படபடவென்று துடிக்கின்றன. சாதாரணமாக ஒவ்வொரு விளக்கும் அதனதன் போக்கில் மினுக்கும். ஒன்றாகத் துடித்தால் லூப். கடைசியில் மூன்றாவது மாடியில் யாரோ ஒரு புண்ணியவான், தரையில் கிடந்த கேபிள் அசிங்கமாக இருக்கிறதே என்று, அதன் இரண்டு முனையையும் சுவரில் இருந்த இரண்டு பாயிண்டில் சொருகிவைத்திருந்தார்.

ஸ்விட்ச் என்ன செய்கிறது? எந்த மேக் முகவரி எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று வருகிற ஃபிரேம்களைப் பார்த்தே கற்றுக்கொள்கிறது. தெரிந்த முகவரிக்கு அந்தப் போர்ட்டில் மட்டும் அனுப்பும். "இந்த ஐபி யாருடையது" என்பது போல எல்லோருக்கும் பொதுவாக வரும் பிராட்காஸ்ட்டை, வந்த போர்ட் தவிர எல்லாப் போர்ட்டிலும் தள்ளும். லூப் இருந்தால் அது சுற்றி வந்து மறுபடி உள்ளே நுழையும், மறுபடி எல்லாப் போர்ட்டிலும் போகும். ஐபி பாக்கெட்டில் டிடிஎல் என்று ஒரு எண் இருக்கிறது, ஒவ்வொரு ரூட்டரிலும் ஒன்று குறைந்து பூஜ்யமானால் தூக்கி எறிந்துவிடுவார்கள். ஈதர்நெட் ஃபிரேமில் அப்படி ஒன்று இல்லை. யாராவது கேபிளைப் பிடுங்கும்வரை சுற்றும்.

இதற்குத்தான் 1985-இல் டிஇசி என்ற அமெரிக்கக் கணினி நிறுவனத்தில் இருந்த ராடியா பெர்ல்மன் ஸ்பானிங் ட்ரீயை உருவாக்கினார். ஸ்விட்ச்சுகள் தங்களுக்குள் பேசி, சுற்றாக அமைந்த பாதையில் ஒரு போர்ட்டைத் தாங்களே அடைத்துவிடும். அறுநூறு, எழுநூறு ரூபாய்க்குக் கிடைக்கும் வீட்டு ஸ்விட்ச்சில் பொதுவாக இது கிடையாது. எங்கள் லேப்பில் இருந்தது, யாரோ அணைத்துவைத்திருந்தார்கள். யார் என்று இன்றுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை.

#16 இரவுஆட்டக்காரன்

இழை பழசானாலும் என் கேள்வியை இங்கேயே கேட்டுவிடுகிறேன் ப்ரோ. திருச்சி. நானும் 100-லிருந்து 300-க்கு மாறினேன், கேபிள் 1000 காட்டுகிறது, டெஸ்ட் 290. ஆனால் கேமில் சிங்கப்பூர் சர்வருக்குப் பிங் முன்பும் 41, இப்பவும் 41. ஒரு மில்லி செகண்ட் கூடக் குறையவில்லை. காசு வீணா?

#17 பாக்கெட்_பாண்டியன்

கேமுக்காக மட்டும் மாற்றினாய் என்றால் வீண்தான் தம்பி. ஒரு நொடிக்கு எவ்வளவு போகிறது என்பது ஒன்று, ஒரு பாக்கெட் போய்த் திரும்ப எவ்வளவு நேரம் என்பது வேறு. 2 டெராபைட் ஹார்ட் டிஸ்க்கைச் சென்னையில் ஆம்னி பஸ் பார்சலில் போட்டு எட்டு மணி நேரத்தில் மதுரையில் இறக்கினால், கணக்குப்படி அது 555 எம்பிபிஎஸ் இணைப்பு, உன் பிளானைவிட வேகம். அதில் கேம் ஆட முடியுமா?

சிங்கப்பூர் கணக்கைப் போட்டுப் பார். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிமீ போகும், வெற்றிடத்தில் போவதில் மூன்றில் இரண்டு பங்கு. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடியில் 2002-இல் வந்த ஐ2ஐ கேபிளின் நீளம் சுமார் 3,200 கிமீ. போக வர 6,400 கிமீ. ஒளிக்கு மட்டுமே 32 மில்லி செகண்ட். திருச்சியிலிருந்து சென்னைக்குச் சாலை வழியாகவே 330 கிமீ, போக வர இன்னொரு 3 மில்லி செகண்டுக்கு மேல். மிச்சம் ஐந்தாறு மில்லி செகண்டில் உன் வீட்டு ரூட்டர், தெரு, எங்களைப் போன்றவர்களின் ரூட்டர்கள், அந்தப் பக்கத்து சர்வர் எல்லாம். 41 என்பது அருமையான எண். 3000 பிளான் போட்டாலும் 35-க்குக் கீழே இறங்காது. எண்பது, தொண்ணூறு காட்டியிருந்தால் பாக்கெட் மும்பை வழியாகச் சுற்றிப் போகிறதா என்று, பாக்கெட் போகும் வழியைக் காட்டும் ட்ரேஸ்ரூட்டில் பார்க்கச் சொல்லியிருப்பேன்.

#18 இரவுஆட்டக்காரன்

பஸ் பார்சல் சூப்பர். அப்படியானால் இன்னொன்று: அந்த 41 ராத்திரி பதினொன்றரை வாக்கில் திடீரென்று 400 ஆகிறது. அக்கா போனிலிருந்து போட்டோ எல்லாம் கிளவுடுக்குப் போகிற நேரம் அது. டவுன்லோடு 300 இருக்கும்போது அப்லோடு எப்படி என்னைப் பாதிக்கும்?

#19 பாக்கெட்_பாண்டியன்

உன் அப்லோடு எவ்வளவு? 20 என்று வைத்துக்கொள்வோம். போன் வைஃபையில் நூறு, இருநூறு வேகத்தில் ரூட்டருக்குத் தள்ளுகிறது. ரூட்டரால் வெளியே 20-இல்தான் அனுப்ப முடியும். மிச்சம் ரூட்டரின் பஃபரில் (தற்காலிக நினைவகத்தில்) வரிசையில் நிற்கும். பஃபரில் 1 எம்பி தேங்கினால் அது 8 மெகாபிட், 20-இல் வெளியேற 0.4 நொடி. உன் கேம் பாக்கெட் சின்னதுதான், ஆனால் வரிசையின் கடைசியில் நிற்கிறது. நீ சொல்கிற 400 அதுதான்.

இதற்கு ஒரு பின்கதை உண்டு. 1986-இல் அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே, 400 கஜ தூரத்தில், நொடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்த இணைப்பு 40 பிட்டுக்கு விழுந்தது. ஆயிரத்தை எண்ணூறால் வகுத்த மாதிரி! பாக்கெட் தொலைந்தால் எல்லோரும் மறுபடி மறுபடி அனுப்பி நெரிசலைத் தாங்களே பெருக்கிக்கொண்டிருந்தார்கள். வான் ஜேக்கப்சன் அதை ஆராய்ந்து 1988-இல் எழுதினார். மெதுவாகத் தொடங்கு, பாக்கெட் தொலைந்தால் நெரிசல் என்று எடுத்துக்கொண்டு வேகத்தைக் குறை என்று டிசிபிக்குப் பழக்கம் வந்தது அதற்குப் பிறகுதான்.

டிசிபி குறைய வேண்டுமென்றால் பாக்கெட் தொலைய வேண்டும். நினைவகம் மலிவாகிவிட்டது என்று ரூட்டர்களில் பெரிய பெரிய பஃபர் வைத்தார்கள். பாக்கெட் தொலைவதே இல்லை, வரிசை நீண்டுகொண்டே போகிறது, போனில் இருக்கும் டிசிபிக்கு நெரிசல் இருப்பதே தெரியாது. ஜிம் கெட்டிஸ் இதற்கு பஃபர்ப்ளோட் என்று பெயர் வைத்துப் பரப்பினார். 2012-இல் கேத்லீன் நிக்கோல்ஸும் அதே ஜேக்கப்சனும் கோடெல் என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். வரிசையின் நீளத்தைப் பார்க்காமல், பாக்கெட் வரிசையில் எவ்வளவு நேரம் நின்றது என்று பார்த்து, நேரம் கூடினால் வேண்டுமென்றே தூக்கிப்போடும்.

உன் ரூட்டரில் எஸ்க்யூஎம் என்று, இப்படி வரிசையைக் கவனிக்கும் வசதி இருந்தால் போட்டு, அப்லோடு வரம்பை உண்மையான வேகத்தில் 85-90 சதவீதத்தில் வை. 20-க்கு 17 அல்லது 18. அப்போதுதான் வரிசை கம்பெனியின் பெட்டிக்குள் சேராமல் உன் ரூட்டரில் சேரும், அதை அது நிர்வகிக்க முடியும்.

#20 இரவுஆட்டக்காரன்

கம்பெனி கொடுத்த ரூட்டரில் தேடினேன், அப்படி எதுவும் இல்லை. க்யூஓஎஸ் என்று ஒரு பக்கம் இருக்கிறது, சொடுக்கினால் காலியாகத் திறக்கிறது.

#21 கணக்குப்புள்ளி

அதற்குள் ஒன்று சொல்கிறேன். 32,000-ஐ 40-ஆல் வகுத்தால் 800. "ஆயிரத்தை எண்ணூறால் வகுத்த மாதிரி" என்று பாண்டியன் எழுதியதற்கு அர்த்தமே இல்லை, எண்ணூறில் ஒரு பங்காக விழுந்தது என்று படித்துக்கொள்ளுங்கள்.

#22 பாக்கெட்_பாண்டியன்

சரி வாத்தியாரே, நைட் ஷிஃப்ட்டில் எழுதினது.

தம்பி, கம்பெனி கொடுத்த அந்தப் பெட்டியை பிரிட்ஜ் மோடில் (ரூட்டர் வேலையை விட்டு இணைப்பை மட்டும் கடத்தும் நிலையில்) போடச் சொல்லிக் கேட்டுவிட்டு, பின்னால் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறந்தமூல மென்பொருள் ஓடுகிற ரூட்டர் ஒன்றை வைக்கலாம். எஸ்க்யூஎம் போட்டால் ஒவ்வொரு பாக்கெட்டையும் பிராசஸரே கையாள வேண்டும், சின்ன ரூட்டர்கள் 300-இல் மூச்சு வாங்கும். அதனால் அப்லோடு பக்கம் மட்டும் போடு, டவுன்லோடை விட்டுவிடு. செலவே வேண்டாம் என்றால் அக்கா போனில் பேக்கப்பை சார்ஜில் இருக்கும்போது மட்டும் என்று மாற்றிவிட்டு, நீ தூங்கப் போகும்போது சார்ஜில் போடச் சொல்.